பென்சில்

ஜுபைல் கேம்ப், பதினேழாம் அறை.
பிச்சையாவின் பெட்டிக்குள் கிடந்த படிவத்தைக்
கணக்குப் பிரிவுக்குக் கொண்டுபோனோம்.

வாரிசுதாரர் கட்டத்தில்
பென்சில்.
அம்மா பெயரை அழித்திருந்தான்.
தம்பி பெயரை அழித்த அழுத்தத்தில்
தாள் நைந்திருந்தது.
அதன்மேல் பனிமயம்,
ஆங்கிலத்தில்,
கடைசி எழுத்து மட்டும் இல்லாமல்.

‘பென்சில் செல்லாது’ என்றார் குமாஸ்தா.
ஊரில் வாரிசுச் சான்று வாங்கணும்,
மொழிபெயர்க்கணும்,
தூதரக முத்திரை.
ஆறு மாதம். எட்டும் ஆகலாம்.

போனில் பனிமயம்
ஒன்றுதான் கேட்டாள்:
‘கடைசியா எழுதுனது
எம் பேரத்தானே அண்ணே?’

டியூப்லைட்டில் தாளைப் பிடித்துப் பார்த்தேன்.
‘ஆமா’ என்றேன்.

அன்றிரவு அறையில்
ஒரே பேனா கட்டில் கட்டிலாகப் போனது.
இஸ்மத் மட்டும்
மூடியைக் கழற்றாமல்
வெகுநேரம் வைத்திருந்தான்.