எஞ்சின் அணையும் விதம்

அப்பா கை நீட்டியதே இல்லை.
தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்:
தங்கமான மனுசன், கிராணி வேலை, குடி கிடையாது.

கவிழ்ந்தது ஒரு கோப்பை மைலோ.
அதற்குப் பதினோரு நாள் என்னோடு பேசவில்லை.
மேசையில் என்னைத் தாண்டித் தம்பியிடம் கேட்பார்:
"அது பசியாறிடுச்சா?"

அது.

போய் மன்னிப்புக் கேளு என்றாள் அம்மா.
கேட்டேன்.
பேப்பரில் ஒரு பக்கம் திரும்பியது.

மோட்டார் அணையும் சத்தத்தில்
அன்றைய இரவைப் படிக்க அப்போதுதான் கற்றேன்.
சட்டென்று அணைந்தால் புத்தகத்தோடு பின்பக்கம்.
கொஞ்சம் உறுமி அணைந்தால்
சிரிக்கலாம், அளவாக.

இப்போது கோலக்கெட்டிலில்
கடைவரிசைக்கு மேலே மாடி வீடு.
செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள்
சன்னலை உலுக்கிப் போகிற இரைச்சலிலும்
குணாளன் வண்டியைத் தனியே பிரித்தெடுக்கிறது காது.

அவன் பேசாமல் செருப்பைக் கழற்றினால்
காலையிலிருந்து நான் சொன்ன ஒவ்வொன்றையும்
திரும்ப எடுத்துப் பார்க்கிறேன்.
"என்ன கோவம்?"
"தலைவலி லா."
"என் மேலயா?"
"தலைவலி. தலையில."

நேற்று அவன் கைபட்டு மைலோ கொட்டியது.
மன்னிச்சிரு என்றேன், நான்.
துணியோடு தரையில் குனிந்திருந்தவன்
நிமிர்ந்து பார்த்தான்.
"கொட்டினது நான்தானே?"

தெரியும்.
அவன் துடைத்த இடத்தையே
மறுபடி துடைத்தேன்,
எறும்பு வரும் என்று சொல்லிக்கொண்டு.

இன்று இரண்டாம் நாள்.
பேசிக்கொண்டுதான் இருக்கிறான்,
தண்ணீர் பில், பக்கத்துக் கடைப் பூனை,
ஞாயிற்றுக்கிழமை சுங்கைப்பட்டாணி போகலாமா என்று.

இன்னும் ஒன்பது.