இரண்டு பல் முன்னே

மாசானம் என்னைவிட ஒரு சாண் உயரம்.
இதை நான் சொன்னது
பாளையங்கோட்டையில்,
இழப்பீட்டு ஆணையர் முன்னால்,
கம்பெனி தரப்புச் சாட்சியாக.

சொல்லப் போனது வேறு.
கங்கைகொண்டானிலிருந்து கம்பெனிக் காரிலேயே கூட்டி வந்தார்கள்.
தச்சநல்லூர் வருவதற்குள்
மானேஜர் ஞானதுரை மூன்று வரி மனப்பாடம் செய்ய வைத்தார்:
அவன் லோடுமேன்.
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவது அவன் வேலை இல்லை.
அன்றைக்கு ஒருநாள் மட்டும்
யாரையும் கேட்காமல் எடுத்தான்.
"எங்க, ஒருதரம் சொல்லு."
சொன்னேன்.
ஏசியைக் கூட்டி வைத்தார்.

அந்த ராத்திரி முள்ளில் இருந்தது
எண்ணூறு கிலோ காகித உருளை.
குடோன் வாசல் சரிவில் பிரேக் பிடிக்காது, எல்லாருக்கும் தெரியும்.
அவன் இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தான்,
எப்போதும் கொடுப்பதுபோல.
கட்டை வழுக்கியது.
வண்டி நின்றது.
அவன் இடது பாதத்தின் மேல் நின்றது.

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
பாதத்தில் பாதியை எடுத்தார்கள்.
காலை ஆறு மணி ஷிப்டுக்கு
அதே வண்டியில் என்னை ஏற்றினார்கள்.
தரை ஈரமாக இருந்தது. பினாயில் வாசம்.

சட்டத்தில் ஒவ்வொரு வயசுக்கும் ஒரு எண் உண்டாம்.
நாற்பதுக்கு நூற்று எண்பத்து நாலு, புள்ளி போட்டு இன்னும் கொஞ்சம்.
சம்பளத்தில் அறுபது சதவீதத்தை அதால் பெருக்கி
போன காலுக்கு டாக்டர் போட்ட சதவீதத்தால் மறுபடி பெருக்கி
வருவதுதான் மாசானம்.
லோடுமேன் என்றால் ஒரு விடை,
ஆப்பரேட்டர் என்றால் இன்னொன்று.
நடுவே ஒன்றரை லட்சத்துக்கு மேல்.
கேட்காமல் எடுத்தான் என்றால்
ஒன்றுமே இல்லை என்று வாதாட வந்திருந்தார்
கம்பெனி வக்கீல், இரண்டு பேனாவோடு.

வரிசையாக மூன்றையும் ஒப்பித்தேன்.
மாசானம் என்னைப் பார்க்கவில்லை.
சுவர்க் காலண்டரில் போன மாதமே இன்னும் தொங்கியது,
அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
முப்பிடாதி மதினி மட்டும் பார்த்தாள்.
அவள் கையில் ஒரு துணிப்பை,
உள்ளே எக்ஸ்ரே கவர் நீட்டிக்கொண்டிருந்தது.

அவன் தரப்பு வக்கீல் ரிஸ்வானா எழுந்தார்.
பெரிசாக ஏதோ கேட்பார் என்று உள்ளங்கை வேர்த்தது.
"முதல் நாள் வண்டியில ஏறினதும் என்ன செஞ்சீங்க?"

இதை ஞானதுரை சொல்லித்தரவில்லை.

"சீட்டை முன்னால தள்ளுனேன் மேடம்.
எனக்குப் பெடல் எட்டல. அவன் உசரம்."
"உடனே தள்ள முடிஞ்சுதா?"
"நவுரவே இல்ல.
அந்தப் பல்லுலயே துருப்பிடிச்சு இறுகிக் கிடந்துது.
டீசல் ஊத்தி ஊறவச்சு
ஸ்பேனரால தட்டித்தான்
ரெண்டு பல்லு முன்ன கொண்டாந்தேன்."

"ஒருநாள்ல துருப்பிடிக்குமா?"

கம்பெனி வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார்.
ஆணையர் எழுதிக்கொண்டிருந்தார்.
எழுதுவது எனக்குக் கேட்டது.

"பிடிக்காது மேடம்.
அஞ்சு வருசமா அவன்தான் ஓட்டுனான்."

தைரியம் என்றெல்லாம் இல்லை.
துரு என்று சொன்னதும்
அந்த வாடை மூக்கில் ஏறிவிட்டது, அவ்வளவுதான்.

உத்தரவு அடுத்த மாதமாம்.
அதற்கப்புறம் அப்பீலாம்.
வெளியே வந்தால் கார் இல்லை.
பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன், வெயில் பிடரியில் உட்கார்ந்து வந்தது.
நாளைக்கு கேட்டில் என் கார்டு திறக்குமா என்று
யோசித்தபடி போகையில்
பக்கத்தில் ஒரு ஆட்டோ மெதுவானது.
ஊன்றுகோலை மடியில் கிடத்தி மாசானம்.

நன்றி என்று சொல்லிவிடுவானோ என்று பயந்தேன்.

"ஏல," என்றான்,
"அந்தப் பிரேக்க
சரி பண்ணிட்டானுவளா?"

சிக்னல் விழுந்து
பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது.
ஆட்டோ நகர்ந்துவிட்டது.

இல்ல.
கட்டைதான்.