மனை எண் பதினேழு

ஞாயிற்றுக்கிழமை ராமநாதபுரத்திலிருந்து
இலவச வேன். மதியம் பிரியாணி.
இருமேனி விலக்கில் இறங்கியதும்
என் வாய் தானே ஓடத் தொடங்கும்:
ரயில் நிலையம் ஏழு நிமிடம்,
நாலுவழிச் சாலை வந்துவிட்டால் ராமேஸ்வரம் இருபது,
தலைமன்னாருக்குக் கப்பல் விடப்போகிறார்கள்,
யார் கண்டது, பாலமே போட்டாலும் போடுவார்கள்,
அப்புறம் இந்த விலைக்குக் கேட்டால்
இந்தக் கல்லைக்கூடத் தரமாட்டோம்.

ஏழு நிமிடம் என்பது
முதலாளி இரவு இரண்டு மணிக்கு
ரயில்வே கேட் மூடாத நேரம் பார்த்து
புதுக் காரில் ஓட்டி அளந்தது.

மற்றபடி நான் பொய் சொல்வதில்லை.
தண்ணீர் எப்படி என்றால்
பத்தடியில் இருக்கிறது என்பேன். இருக்கிறது.
குடித்துப் பார்க்கச் சொன்னதில்லை.
பூங்கா என்று பச்சை அடித்திருக்கும் மூலை
ஐப்பசி கார்த்திகையில் கண்மாய் மறுகால் ஓடும் வழி.
வேன் விடுவது தை முதல் புரட்டாசி வரை.

மாதக் கடைசி ஞாயிறென்றால்
அரிச்சல்முனைவரை கூட்டிப்போவோம்.
அங்கே எல்லோர் போனும் ஒன்றன்பின் ஒன்றாகச் சிணுங்கும்:
இலங்கைக்கு நல்வரவு.
‘பாத்தீங்களா, போனே போய்ச் சேர்ந்திருச்சு.’
அதற்குமேல் யாரும் பேரம் பேசியதில்லை.

கல் ஊன்றுகிறவர் யூஜின்.
மண்டபம் முகாமிலிருந்து சைக்கிளில் வருவார்,
கைப்பிடியில் இரண்டு பெயிண்ட் டப்பா ஆடும்.
மஞ்சள் ஒரு பட்டை, வெள்ளை ஒரு பட்டை.
முகாமில் ஆள் கணக்கெடுக்கும் நாளில்
லேஅவுட் அப்படியே நிற்கும்.
பேசாலைக்காரர். ஒன்பது வயதில் வந்தவர்.
‘நீயும் ஒண்ணு எடுத்துப் போடு யூஜினு,
கூலியில கழிச்சுக்கலாம்’ என்றார் முதலாளி ஒருநாள்.
‘பத்திர ஆபீஸில என்ர அட்டையை வாங்கமாட்டினம் சார்’
என்று கயிற்றை இழுத்துக் கட்டினார்.
முதலாளி வெகுநேரம் சிரித்தார்.

இன்றைக்குக் கீழக்கரையிலிருந்து நசீமா.
கணவர் ஜகுபர் தோஹாவில் ஏசி மெக்கானிக்,
வீடியோவில்தான் மனை பார்க்கிறார்.
‘கடல் தெரியுதா? போனை இன்னும் தூக்கு.’
தூக்கினாள். சீமைக்கருவேலம் தெரிந்தது.
‘மாடி எடுத்தா தெரியும் சார்’ என்றேன்.
‘எத்தனையாவது மாடி?’
நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன்.

படத்துக்குள் யூஜின்
குனிந்து சுண்ணாம்பு தூவிக்கொண்டிருந்தார்.
‘அந்த அண்ணன்கிட்ட கேளு,
அக்கரைக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு.’
நிமிர்ந்தார். கையைக் கைலியில் துடைத்தார்.
‘நாங்க வந்தநேரம் காத்து விழுந்திட்டுது.
ஒண்டரை மணித்தியாலம்.
அம்மா சொன்னது. நான் வழியெல்லாம் நித்திரை.’

சிக்னல் போய் ஜகுபரின் முகம்
வாய் பாதி திறந்தபடி நின்றது.
திரும்ப வந்ததும்
‘டோக்கன் போட்டுடு’ என்றார்.

முதலாளி அங்கிருந்தே அச்சகத்துக்குப் போன் அடித்தார்.
புது நோட்டீஸில் நாலாவது வரி:
இலங்கை, ஒன்றரை மணி நேரம்.
பக்கத்தில் வெள்ளைக் கப்பல் படம் வேண்டுமாம்.
படகு என்று நான் திருத்தவில்லை.

வேன் கிளம்பும் நேரம்
யூஜின் பதினேழின் தென்கிழக்குக் கல்லைப்
பிடுங்கிக்கொண்டிருந்தார்.
‘என்னாச்சு?’
‘கால் அடி உள்ளுக்க வந்திட்டுது.
அந்தப் பிள்ளைக்குக் குறையும்.’
ஒட்டிய பதினெட்டு இன்னும் விற்கவில்லை,
முதலாளி பெயரில்தான் இருக்கிறது.
புதுக் குழி தோண்டினார், கல்லை இறக்கினார்,
ஒற்றைக் கண்ணை மூடி நேர் பார்த்தார்,
சுற்றிலும் மிதித்து இறுக்கினார்.
‘சாரிட்ட சொல்லவேண்டாம்.’

பழைய குழி வாய் திறந்து கிடந்தது.
செருப்புக் காலால்
மண்ணைத் தள்ளி மூடினேன்.
டிரைவர் ஹாரன் அடித்தார்.