பதினைந்து மதிப்பெண் கேள்வி

வாளையாறு. இரவு இரண்டு மணி.
எடைமேடையில் நாமக்கல் முட்டை லாரி.
எட்டு டன் நானூற்றிப் பத்து.
சீட்டைக் கிழித்து நீட்டிவிட்டு
தபால்வழிப் பாடத்துக்குத் திரும்புகிறேன்:
முதுகலை, இரண்டாம் ஆண்டு, தாள் ஏழு.
‘அமெரிக்கக் கலையும் இலக்கியமும்
தமக்கென ஒரு முகம் பெற்ற வரலாற்றை விளக்குக.’
நாலு பக்கம் போதும் என்கிறாள்
போன வருஷம் தேறிய பெர்னதெத்.

பாடநூல் சொல்கிறது:
வெகுகாலம் அவர்கள்
தங்கள் காட்டில் கூவாத பறவையைப்
பாடிக்கொண்டிருந்தார்கள்.
கப்பலில் வந்த புத்தகத்துப் பறவை.
ஜன்னலுக்கு வெளியே வேறொன்று
கத்திக் கத்தித் தொண்டை வறண்டது,
செய்யுளில் அதற்கு இடமில்லை.
ஓவியர்களும் அப்படித்தான்.
கொல்லையில் ஓடிய ஆற்றை
தேம்ஸின் நிறத்தில் தீட்டினார்கள்.

அடிக்கோடு போடும்போது சிரிப்பு வந்தது.
என் முதல் கவிதையில்
வேங்கை மரம் இருந்தது, சுனை இருந்தது,
யாழ்கூட இருந்தது.
யாழை நான் எங்கே பார்த்தேன்?
கொழிஞ்சாம்பாறையில் என் கல்யாணத்துக்கு வந்தது
பேட்டரி போட்ட கீபோர்டு.
இரண்டாவதில் சாயா என்று எழுதினேன்.
சென்னைப் பத்திரிகை
தேநீர் என்று திருத்திப் போட்டது.
பாபுக்குட்டன் கடையில் தேநீர் கேட்டால்
மருந்துக்கடைக்கு வழி காட்டுவார்.

ஹார்ன். குண்டூர் மிளகாய் வண்டி.
டிரைவர் தெலுங்கில் வைய
நான் தமிழில் எடை சொல்லி
மலையாளத்தில் சீட்டு எழுத
மூட்டையிலிருந்து கிளம்பிய நெடியில்
கிளீனரும் சேர்த்து மூவரும் தும்மினோம்.

எழுதுகிறேன்:
பிறகு ஒருவர் படகுக்காரர் பேச்சை
இலக்கணத்துக்குக் காட்டாமல்
அப்படியே தாளில் இறக்கினார்.
ஒருவர் நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்கின்
ராத்திரி வெளிச்சத்தைத் தீட்டினார்.
அந்த வெளிச்சத்தைப் பார்க்காதவர் அங்கே யாருமில்லை.
தீட்டலாம் என்றுதான்
யாருக்கும் தோன்றவில்லை.

மூன்றாம் பக்கம் நன்றாகவே போனது.
நாலாவதில் பேனா நின்றது.
பருத்திக் காட்டில் பாடியவர்களுக்குப்
பாடநூல் கடைசியில் அரைப்பக்கம் தருகிறது.
அந்த மண்ணின் பழைய குடிகளுக்கு
ஒரு அடிக்குறிப்பு:
ஆறுகளுக்கு அவர்கள் வைத்த பெயர்கள் பல
இன்றும் வழக்கில் உள்ளன.
பெயர்களை வைத்துக்கொண்டு
ஆட்களை அனுப்பிவிட்டார்கள் என்று
அதற்கு அர்த்தமா?
அப்படி எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா?

மலசர் பதியிலிருந்து
ஆபீஸ் பெருக்க வருகிற வெள்ளச்சி
எதிரே தெரிகிற மலைக்கு ஒருமுறை
ஒரு பெயர் சொன்னாள்.
இரண்டு அசை. நடுவில் மூச்சு மாதிரி ஏதோ.
அன்றைக்கு வரிசையில் எழுபது வண்டி.
நான் எழுதிக்கொள்ளவில்லை.

கணவாய்க் காற்று தாளைப் புரட்டுகிறது,
பஞ்சிங் மெஷினை எடுத்து மேலே வைக்கிறேன்.
ஆறு மணிக்கு அவள் வருவாள்.
கேட்டால் சொல்வாளா தெரியாது.
சொன்னாலும் அந்த மூச்சை
எந்த எழுத்தில் எழுத?
இரண்டு வரி இடம் விட்டிருக்கிறேன்.

அடுத்த வண்டி, பல்லடம், கறிக்கோழி.
எடை நிற்கமாட்டேன் என்கிறது.
நாலு டன் நூற்றி இருபது, நூற்றிப் பத்து, நூற்றி முப்பது.
‘எழுதுங்க சார்’ என்கிறான் டிரைவர்.
இருப்பா.
உள்ளே அசைகின்றன.