ஐந்தாவது அம்பு

செவ்வாய் இரவு அந்த இன்குபேட்டர் குளிர்ந்துபோனது.
மணி அடிக்கவில்லை.
டொமிதிலா தற்செயலாகக் கையை உள்ளே விட்டதால்
பிழைத்தது
ஒன்றரைக் கிலோ உயிர்.

ஒரூரோவில் ஜூலை மாதம்
தண்ணீர்க் குழாய்கூட இரவில் பேசாது.
விரல்நுனி வெட்டிய கையுறையோடு
நெலிதா குனிந்திருக்கிறாள்.
மேசை நிறைய சுற்றுப்படம், பதினொரு தாள்,
நகலின் நகல், ஓரமெல்லாம்
எங்கள் இருவருக்கும் தெரியாத செக் மொழி.

ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், டயோடு,
ஒன்று விடாமல் அளந்துவிட்டேன்.
எல்லாம் சரி.
எல்லாம் சரியாக இருந்துதான்
அது அடிக்கவில்லை.

அவள் போன வருடக் காலண்டரைக் கிழித்தாள்,
பின்பக்கம் திருப்பினாள்,
ஒரு கட்டம் போட்டாள்.
"எலியோ, இந்த முப்பத்துநாலும் சேர்ந்து
என்ன செய்கின்றன? எப்படி என்று சொல்லாதே."
"சூட்டை உணர்கின்றன."
எழுதினாள்: உணர்வது.
அவ்வளவுதான். இரண்டு தாள் முடிந்தது.

எனக்கு வருத்தம்.
நான்காம் தாளில் ஒரு டிரான்சிஸ்டர்,
எவ்வளவு அழகாக வளைத்திருந்தான் யாரோ ஒருவன்,
அது 'பெருக்குவது' என்ற பெட்டிக்குள்
முகமில்லாமல் போய்விட்டது.
ஒப்பிடுவது. சூடாக்குவது.
கத்துவது.
கட்டங்களுக்குள் மங்கலாக
ஆகஸ்ட் தேதிகள் தலைகீழாய்த் தெரிந்தன.

ஒரு கெப்பாசிட்டர் மட்டும் எதிலும் சேரவில்லை.
ஓரத்தில் வைத்து
கேள்விக்குறி போட்டாள்.

பிறகு அம்புகள்.
'மின்சாரம் தருவது' என்ற கட்டத்திலிருந்து
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
ஐந்தாவதை இழுத்துக்கொண்டே போய்
'மின்சாரம் போனால் கத்துவது'
வாசலில் பென்சிலை நிறுத்தினாள்.

ஒன்றாம் தாளில் கிளம்பிய கோடு
பதினொன்றாம் தாளில் வந்து சேர்கிறது.
நடுவே ஒன்பது தாள்.
யார் கண்ணுக்குத் தெரியும்?

நான் சொன்னேன்:
"செத்தவனே எழுந்து வந்து
இழவுச் செய்தி சொல்லணுமாம்."
அவள் சிரிக்கவில்லை.
ரப்பரை எடுத்து
அந்த அம்பை மட்டும் அழித்தாள்.

ஒன்பது வோல்ட் பேட்டரி, ஒரு டயோடு,
நாலு இடத்தில் ஈயம்.
விடிகாலை வார்டில்
காலிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினோம்.

அப்படி ஒரு அலறல்.
வார்டில் இருந்த அத்தனை குழந்தையும் அழுதது.
டொமிதிலா எங்கள் அம்மாக்களைச் சேர்த்துத் திட்டினாள்.
நெலிதா காதைப் பொத்தவில்லை,
நின்று கேட்டாள்,
முழுசாக.

அந்தக் கெப்பாசிட்டர் எதற்கென்று
இன்றுவரை தெரியாது.