சார்ஜ் மட்டும்

கணவாய் நிலையத்தில் மூன்று கேபிள்கள்.
கறுப்பு, வெள்ளை,
டேப் சுற்றிச் சுற்றியே நிறம் மறந்துபோன ஒன்று.

காலை ஐந்தேகாலுக்கு வெளியே போய்
அளவுகோலில் பனியை வாசித்தேன்:
நூற்று நாற்பத்து மூன்று.
நேற்றைவிட முப்பத்தொன்று அதிகம்.
ஆறு மணிக்குள் இந்த எண் பிஷ்கெக் போய்ச் சேர வேண்டும்.
சேராவிட்டால்
சுரங்கத்தின் வாயில் உறுமிக்கொண்டு நிற்கும் நிலக்கரி லாரிகளை
நேற்றைய எண்ணை நம்பி அவிழ்த்துவிடுவார்கள்.

ரேடியோ கம்பத்தைக் காற்று இரவே மடக்கிவிட்டது.
லேப்டாப்பின் வைஃபை போன மாதப் புதுப்பிப்பில் செத்தது.
லினக்ஸ் பணிவாகச் சொல்கிறது:
டிரைவர் காணவில்லை, இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளவும்.
பெட்டிச் சாவி பெட்டிக்குள்.

நிலையத்துப் போன் இருக்கிறது.
ஜன்னலோரம், மாவு டப்பாவின்மேல், சற்றே சாய்த்து வைத்தால்
இரண்டு கோடு சிக்னல்.
கூப்பிட்டுச் சொல்லலாமே என்பீர்கள்.
குரலைக் கேட்டு அங்கே யாரும் சாலையை மூடுவதில்லை.
கோப்பு வேண்டும்,
மணிவாரியாகக் காற்று, வெப்பம்,
அடியில் என் பெயர்:
ஜிபார்குல், இரண்டாம் நிலை நோக்கர்.

கறுப்பைச் சொருகினேன்.
போனில் மின்னல் குறி. சார்ஜ் ஏறுகிறது.
அமைப்புகளில் யூஎஸ்பி பகிர்வு மட்டும் சாம்பல் பூத்துக் கிடக்கிறது,
தொட்டாலும் அசையவில்லை.
வெள்ளை.
மறுபடி மின்னல், மறுபடி சாம்பல்.
டெர்மினலைத் திறந்து கர்னலிடம் கேட்டேன்.
வாசலில் ஆள் வந்ததே அதற்குத் தெரியாது.
உள்ளே நாலு கம்பி இருக்க வேண்டும்,
இவற்றில் இரண்டுதான்.
ஊட்டும், பேசாது.

சகின்பெக்கும் நானும் ஒன்பது நாளாக அப்படித்தான்.
அவன் ரொட்டி சுடுகிறான்,
என் பங்கைத் தட்டால் மூடிவைக்கிறான்.
நான் அடுப்புக்குக் கரி அள்ளிப்போடுகிறேன்,
அவன் படுக்கைப் பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே.
ஒரு வார்த்தை இல்லை.
மாதத்தில் மிஞ்சியிருந்த டேட்டாவை எல்லாம்
ஒரே மாலையில் குதிரையாட்டம் பார்த்துத் தீர்த்துவிட்டான்.
மறுநாள் என் மகளுக்கு ஏழு வயது.
அவள் மெழுகுவர்த்தி ஊதியது
எனக்கு ஒரு படமாகக்கூட வந்து சேரவில்லை.

நாலு கம்பிக் கேபிள் அவனுடையது.
தலையணைக்கடியில் வைத்திருக்கிறான்.
ஐந்து நாற்பத்தொன்று.

"கேபிள்" என்றேன்.
துருப்பிடித்த கதவுபோல வந்தது அந்தச் சொல்.
கண்ணைத் திறக்காமலே கையை நீட்டினான்.

டேப் சுற்றியது.
சொருகியதும் சாம்பல் கலைந்தது. தொட்டேன்.
டெர்மினலில் ஒரு வரி, நாலு வரி, ஒன்பது வரி,
புதிய சாதனம், யூஎஸ்பி பூஜ்யம்,
லேப்டாப் முகவரி கேட்கிறது,
போன் யோசித்துவிட்டு ஒன்று கொடுக்கிறது.
பிஷ்கெக்கைத் தட்டிப் பார்த்தேன்.
முதல் தட்டல் மலையிலேயே தொலைந்தது.
இரண்டாவது,
முக்கால் நொடி கழித்துத் திரும்பி வந்தது.
பதினொரு கேபி கோப்பு.
ஐந்து ஐம்பத்தாறுக்குப் போனது.
பதில் வந்தது: சாலை மூடப்பட்டது.

தேநீர் இறக்கி இரண்டு கிண்ணத்தில் ஊற்றினேன்.
நாய்க்கு ரொட்டி போட்டேன்,
வாசல் பனியை வழித்தேன்,
முக்கால் மணி நேரம் இருக்கும்.
உள்ளே வந்தால் லேப்டாப்பின் விசிறி இரைகிறது.

கம்பி வழி வந்த இணையம் அல்லவா,
பட்டணத்துச் சுவரில் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு
நான் தள்ளித் தள்ளிப் போட்ட புதுப்பிப்பை எல்லாம்
விழுங்கிக்கொண்டிருந்தது,
எழுத்துருக்கள், பிரிண்டர் மென்பொருள்கள்,
எனக்கு ஒரு எழுத்தும் தெரியாத மொழிகளின் அகராதிகள்.

கத்தினேன்.
சகின்பெக் வெறுங்காலோடு ஓடிவந்து கேபிளைப் பிடுங்கினான்.

"எவ்வளவு போச்சு?"
"முன்னூற்றுப் பத்து எம்பி."
ஜில்லிட்ட தரையில் கால் மாற்றி நின்று கணக்குப் போட்டான்.
"என் குதிரையாட்டம் இருநூற்று எண்பதுதான்."

தேநீர் ஆறிப்போயிருந்தது. குடித்தோம்.
வைஃபை டிரைவராவது இறங்கியதா என்றான்.

பாதி என்றேன்.