நான்காவது மெஷின்

வியாசர்பாடி எஸ்டேட்டில் எங்கள் ஷெட்டுக்கு
ஏழு மெஷின், பதினோரு பேர்,
ஒரு வெள்ளைப் பலகை.
பலகையில் எழுதுவது என் வேலை.
அழிப்பதும்.

திங்கள் காலை எழுதினேன்:
புஷ், நாலாயிரம், வியாழன் மாலை.
டீ குடித்துவிட்டு வருவதற்குள்
பக்கத்தில் இன்னொரு கை
‘அர்ஜன்ட்’ என்று எழுதி
அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது.
முதலாளி ஐசக் துரைப்பாண்டியின் கை.
நான் சேர்ந்த ஆறு வருஷத்தில்
அந்தச் சொல் இல்லாத வரியைப் பலகை பார்த்ததில்லை.
எல்லாமே அர்ஜன்ட் என்றான பிறகு
எதையும் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம்.

கம்பி வெட்டும் மெஷின் ஒன்று.
கடைவதற்குப் புது சி.என்.சி., மாலை போட்டு
குங்குமம் இன்னும் காயவில்லை.
துளை போட மூன்றாவது.
மூன்றும் பறக்கும்.
நான்காவது கிரைண்டிங்.
ஒரு பீஸுக்கு நாற்பது நொடி.
கெஞ்சினாலும் நாற்பது,
முதலாளி பின்னால் வந்து நின்றாலும் நாற்பது.

கால்குலேட்டரைத் தட்டினேன்.
நாற்பத்து நாலரை மணி நேரம்.
கையில் இருப்பது நாலு நாள், நாளுக்கு எட்டு மணி.
மீதி பன்னிரண்டரை
எந்த ஸ்டோரிலும் ஸ்டாக் இல்லை.
சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் கிடந்தது,
டீ நேரத்தில் கொஞ்சம்,
ஆறிலிருந்து எட்டு வரை ஓவர்டைமில் மிச்சம்.

“சோத்துக்குக்கூட எந்திரிக்க வுடமாட்ட போல”
என்றார் கமருன்னிசா அக்கா,
கூலன்ட் சொட்டும் கையை உதறிக்கொண்டே.
நீ எந்திரி அக்கா,
மெஷின்தான் எந்திரிக்கக் கூடாது.
சி.என்.சி.யை நிறுத்தினேன்.
அதை ஓட்டும் பிபினை
மதியத்துக்குக் கிரைண்டிங்கில் உட்காரவைத்தேன்.
அவனுக்கு என் தமிழும் எனக்கு அவன் ஒடியாவும்
பாதிதான் புரியும்.
கேஜ் புரிந்தது.
ஒரு முனை நுழைய வேண்டும், மறுமுனை நுழையக் கூடாது.

செவ்வாய் பதினொரு மணிக்கு முதலாளி பார்த்துவிட்டார்.
“புது மெஷின் சும்மா நிக்குது.
இ.எம்.ஐ. சும்மா நிக்குதா?”
அது ஓடினா டிரேதான் ஏறும் சார், வண்டியில ஏறாது.
நான்காவது மெஷின் முன்னால்
இடுப்பளவு அடுக்கியிருந்த ஆயிரத்து எண்ணூறைக் காட்டினேன்.
அவ்வளவும் கடனுக்கு வாங்கிய இரும்பு.
ஒரு பீஸைக் கையில் எடுத்தார்,
உருட்டினார், திரும்ப வைத்தார்.
ஒன்றும் சொல்லாமல் போய்
சி.என்.சி.யின் மாலையை மட்டும் கழற்றினார்.
பூ காய்ந்திருந்தது.

புதன் மாலை காற்று மணலிப் பக்கம் திரும்பியது.
கண் எரிந்தது.
நாற்பது நொடி நாற்பதாகவே இருந்தது.

வியாழன் ஏழு பத்து.
நூறு நூறாக நாற்பது பெட்டி.
லேபிள் எல்லாம் என் கையெழுத்து,
கடைசிப் பத்தில் எழுத்து சாய்ந்து படுத்துவிட்டது.
ஏகாம்பரத்தின் குட்டியானை கிளம்பியது.
எண்ணூர் விரைவுச் சாலையில்
துறைமுகம் போகும் கன்டெய்னர்கள்
ஒன்றின் வாலை ஒன்று முகர்ந்தபடி நிற்க,
நடுவில் மாட்டிக்கொண்டு போன் பண்ணினார்:
“கேட் மூடிட்டாங்களாம், காலையில வரச் சொல்றாங்க.
ராத்திரி இங்கயே தூங்கிக்கிறேன்.”

இருபத்து மூன்று நாள் கழித்து
செக் கேட்க அந்தக் கம்பெனிக்குப் போனேன்.
பில் பாஸ் ஆகத் தொண்ணூறு நாள் என்றார்கள்,
உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்டோர்.
மூன்றாவது ரேக்கில்
சாய்ந்து படுத்த என் எழுத்து.
எண்ணாமல் இருக்க முடியவில்லை.
நாற்பது.
டேப்கூடக் கிழியவில்லை.

அவர்கள் ஷெட்டிலும்
எங்கோ ஒரு நான்காவது மெஷின்.
அதன் முன்னால்
எங்கள் சாப்பாட்டு நேரம்
அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது.